சங்கீதம் வாசித்த அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு,

ஸ்தோத்திரம். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத மனதில் தெம்பில்லை, தேவையும் இல்லை. கடந்து வந்துவிட்டோம். மூச்சு சீராகிக்கொண்டிருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாள் கடந்தால் வார்த்தைகள் அலங்காரமாகிவிடும்.

சமைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணியை அடித்துச் சென்றவர்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தவர்கள், ராத்திரி ஜெபத்தில் எங்கள் வீட்டார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மன்றாடியவர்கள், என் ஓய்வுநாள் பள்ளி வகுப்பை ஏற்றுக்கொண்டு "எப்போ திரும்பி வருவீங்க" என்று ஒரு தடவைகூடக் கேட்காத தங்கை, எல்லோருக்கும் நன்றி. போதகர் ஐயா, நீங்கள் வசனங்களை அடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எங்களோடு அழுதீர்கள். என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்த மடலில் பெரும்பகுதி ஒருவருக்கு உரியது. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா.

அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. மனமில்லாமல் அல்ல. முழங்கால் போடுவேன், வார்த்தை வராது. வேதத்தைத் திறப்பேன், எழுத்து தெரியும், ஒன்றும் உள்ளே இறங்காது. மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவில்லை. அக்கா எப்படிக் கண்டுகொண்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரு சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். ஜெபம் பண்ணவும் வேண்டாம். போனைக் காதுல வெச்சுக்கோங்க. நான் ஒரு சங்கீதம் வாசிக்கிறேன்."

வேதத்தில் ஜெபப் பாடல்களாக இருக்கிற 150 சங்கீதங்களில் முதலாவதை வாசித்தார். "ஆமென். வெச்சிடட்டுமா தம்பி?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அதே நேரத்துக்கு இரண்டாம் சங்கீதம். அதற்கு மறுநாள் மூன்றாவது. ஆறுதல் சொல்லவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கவில்லை, விளக்கம் கொடுக்கவில்லை.

அக்காவுக்குக் கண் பார்வை மங்கி வருகிறது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வாசிப்பார். கண்ணாடிக் கூடு திறக்கிற சத்தம் முதலில் கேட்கும், பிறகு அந்த மெல்லிய தாள் புரள்கிற சத்தம். ஒரு சொல்லைத் தப்பாக வாசித்துவிட்டால் அந்த வசனத்தின் தொடக்கத்துக்கே போய் மறுபடி வருவார். தலைப்பில் இருக்கிற இராகத்தலைவன் பெயரையும் விடமாட்டார், நடுவில் வருகிற, பொருள் உறுதியாகத் தெரியாத "சேலா" என்ற சொல்லையும் விடமாட்டார். நாமெல்லாம் தாண்டிப் போகிற இடங்கள் அவை. அவர் வாயில் ஒன்றும் வீணாகவில்லை.

பொறுக்கி எடுக்காமல் வரிசையாக வாசிப்பது சபையில் மிகப் பழைய வழக்கம். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற மடத்தலைவர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், 150 சங்கீதங்களையும் வாரந்தோறும் பாடி முடிக்க வேண்டும் என்றிருக்கிறது. 1549இல் வந்த இங்கிலாந்து திருச்சபையின் ஜெபப் புத்தகம் அதையே மாதந்தோறும் என்று ஆக்கியது. அதன் அருமை எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நாமாகத் தேர்ந்தெடுத்தால் 23, 91, 121 என்று பழகிய இடங்களையே சுற்றி வருவோம். வரிசையாகப் போனால் 88 வந்தே தீரும்.

அது வந்தது. எஸ்ராகியனாகிய ஏமானின் சங்கீதம். 13ஆம் சங்கீதமும் 22ஆம் சங்கீதமும் புலம்பலில் தொடங்கினாலும் துதியில் போய் முடியும். இதில் அந்தத் திருப்பமே இல்லை. இருளில் தொடங்கி, சிநேகிதரும் விலகிப்போனார்கள் என்கிற இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. துக்கத்தில் இருக்கிற ஒருவனுக்கு அதை வாசிக்க யாருக்குமே கை நடுங்கும். அன்றைக்கு 89ஐ வாசித்திருந்தால் நான் கவனித்திருக்கவும் மாட்டேன். அக்கா தாண்டவில்லை. கடைசி வசனம்வரை அதே நிதானத்தில் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "இதுவும் வேதத்துலதான் இருக்கு தம்பி" என்றார். அத்தனை சாயங்காலங்களிலும் அவராகச் சேர்த்துச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

அன்று இரவு நான் அந்தச் சங்கீதத்தை நானே எடுத்துப் பார்த்தேன். இத்தனை இருளையும் சொல்லப்போகிறவர், முதல் வரியிலேயே "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார். பதில் வரவில்லை, ஆனாலும் கூப்பிடுகிற முகவரியை அவர் மாற்றவில்லை. நானும் "கர்த்தாவே" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

119ஐப் பகுதி பகுதியாகப் பல சாயங்காலங்களில் வாசித்தார். எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள், 176 வசனங்கள். வேதத்தின் மேல் இத்தனை வாஞ்சை உள்ளவர் கடைசி வசனத்தில் என்ன சொல்லி முடிக்கிறார் பாருங்கள்: காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பினேன், உமது அடியேனைத் தேடும் என்கிறார். அத்தனை வசனங்களுக்குப் பிறகும், தேடி வாரும் என்றுதான் கேட்கிறார். ஆவிக்குரிய வளர்ச்சி என்றால் ஜெப நேரம் கூடுவது, வசன அறிவு கூடுவது என்று பேசுகிறோம். கூடட்டும், நல்லதுதான். ஆனால் கூச்சமில்லாமல் "என்னைத் தேடும்" என்று கேட்கத் தெரிவதும் வளர்ச்சியே என்று நான் உறுதியாக நம்புகிறேன். தேவன் ஒருவனைத் தேடிவரும்போது, பல நேரம் ஒரு வயதான விசுவாசியின் குரலில்தான் வருகிறார்.

அப்போஸ்தலனாகிய பவுல் சிறையிலிருந்து தம் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தையும் இப்போது அடிக்கடி வாசிக்கிறேன். "ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்" என்று ஏழாம் வசனம் சொல்கிறது. அடக்க ஆராதனைகளில் நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய வசனம். இரண்டு வசனம் தள்ளி, சீக்கிரமாய் என்னிடத்தில் வா என்று அழைக்கிறார். பதின்மூன்றாம் வசனத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். புஸ்தகங்களும் தோற்சுருள்களும் வேண்டுமாம். அதிகாரம் முடிவதற்குள், மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று இன்னொரு தடவை. கூட ஊழியம் செய்த தேமா விட்டுப்போய்விட்டான், லூக்கா மட்டும் கூட இருக்கிறான். விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன் என்று எழுதின அதே கைக்குக் குளிருக்கு ஒரு மேலங்கியும் தேவைப்பட்டது, பக்கத்தில் ஓர் ஆளும் தேவைப்பட்டது. கடைசிவரை நிலைத்திருந்த ஒருவரைக் காட்டு என்றால் பவுலைக் காட்டுகிறோம். இந்த வசனங்களையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

அக்கா, 150ஐ வாசித்து முடித்த அன்றைக்கு, "இனி நீங்களே வாசிச்சுக்குவீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நீங்கள் வைத்துவிட்டீர்கள். எனக்குப் பேச்சு எழவில்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டிய நன்றியைத்தான் இப்போது எல்லோர் முன்னிலும் சொல்கிறேன். நீங்கள் செய்ததை உங்களுக்குத் திருப்பிச் செய்ய எனக்கு வழியில்லை. ஆனால் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு ஆண்டவர் தம் சீடன் சீமோன் பேதுருவுக்காக வேண்டிக்கொண்டபோது, நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்றும் சொன்னாரே. அதைப் பொருத்தனையாக எடுத்துக்கொள்கிறேன். உங்களில் யாருக்காவது ஜெபம் வராத காலம் இருந்தால் என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். காரணம் கேட்க மாட்டேன். முதலாம் சங்கீதத்திலிருந்து தொடங்குவோம். 88 வந்தால் அதையும் வாசிப்பேன்.

கடைசியாக, அக்காவின் வீட்டு அண்ணனுக்கும் ஒரு நன்றி. அந்த நேரம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வருகிறவர்களை வெளித்திண்ணையிலேயே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தது நீங்கள்தான் என்று போன வாரம்தான் கேள்விப்பட்டேன் அண்ணா.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரன்