ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது சேலைக் கட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காருவதால் வரும் கழுத்துவலி, முதுகுவலி பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி. உட்காரவே வழியில்லாதவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் 19 வருடம் நின்றவள். 'நின்றவள்' என்றே எழுதுகிறேன், எங்கள் வேலையில் பாதி அதுதான்.

காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பதரை. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். தீபாவளி சீசனில் அதுவும் பாதி. ரேக்கில் சாய்ந்தால் சூப்பர்வைசர் பெயரை எழுதிக்கொள்வார். அதனால் கவுண்டருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரம் வலது, அப்புறம் இடது. புதிதாக வரும் பெண்ணுக்குச் சேலை மடிக்கச் சொல்லித்தரும் முன்பே இதைச் சொல்லித்தந்துவிடுவோம். பிற்பாடு இடுப்புவலிக்குப் பிசியோதெரபி போனபோது, அங்கிருந்த பெண் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். ஒரு கால் உயர்ந்தால் இடுப்பின் உள்வளைவு தளரும், முதுகுத் தசைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், நாங்களும் அதைத்தான் செய்யச் சொல்வோம் என்றார்.

ஆனால் காலுக்கு அந்த வித்தை போதவில்லை. எட்டாவது வருடம் இடது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். காலுக்கு இறங்கிய இரத்தம் மறுபடி மேலே ஏற, கெண்டைத் தசை அதைப் பிழிந்து தள்ள வேண்டும். நடந்தால் தள்ளும், ஒரே இடத்தில் நின்றால் தள்ளாது. இரத்தம் கீழேயே தேங்கித் தேங்கி நாளங்கள் விரிந்துவிடும். மேலே போனதைத் திரும்பி வழியவிடாமல் பிடிக்கும் வால்வுகளும் கெட்டுப்போகும். பள்ளிக்கூட பிரேயரில் அசையாமல் நிற்கிற பிள்ளை மயங்கி விழுகிறதே, பல நேரம் அதற்கும் காரணம் இப்படிக் காலில் தேங்கும் இரத்தம்தானாம்.

பழைய ஜவுளிக்கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெத்தை போட்டு மேலே வெள்ளை விரிப்பு. கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், வாங்க வந்த குடும்பமும் எதிரில் உட்கார்ந்துவிடும். புடவை எடுக்க எழுந்திருப்பார், விரித்துக் காட்ட உட்காருவார். உடம்பு ஒரே நிலையில் கிடக்காது. கண்ணாடிக் கவுண்டர் வந்தது, இரண்டு பக்கமும் எழுந்து நின்றோம். வாங்க வந்தவர் அரை மணியில் போய்விடுவார்.

கோழிக்கோடு கடைப் பெண்கள் போராடியதில் கேரளத்தில் 2018இல் உட்காரும் உரிமை சட்டமானது. நம் மாநிலத்திலும் 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது, நாலு பேருக்கு ஒன்று. ஒரே மாதத்தில் அதன்மேல் பிரிக்காத சேலைக் கட்டு ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசிவரை இறங்கவில்லை.

நாள் முழுக்க உட்கார்ந்திருக்க யாரும் கேட்கவில்லை. அதில் வரும் கேட்டைத்தான் உங்கள் கட்டுரையே சொல்லிவிட்டதே. ஆள் இல்லாத பத்து நிமிடம் உட்கார விட்டால் போதும். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஸ்டூலை எண்ணிவிட்டுப் போகாமல், கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள் என்று அந்தப் பெண்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

போன ஆடித் தள்ளுபடியில் மகளுக்குச் சேலை எடுக்க வேறொரு கடைக்குப் போயிருந்தேன். "உட்கார்ந்தே காட்டும்மா, எனக்கு அவசரமில்லை" என்றேன். "வேணாம்க்கா, கேமரா இருக்கு" என்றாள் அந்தப் பெண். கவுண்டருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வலது கால் கீழ்த்தட்டில் இருந்தது.

இப்படிக்கு,
முன்னாள் ஜவுளிக்கடை ஊழியர்,
மதுரை