பழைய மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர், அதிபர், ஆசிரியர்கள், பெற்றோர், வெளிநாட்டிலிருந்து சூமில் இணைந்திருக்கும் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை முடிவதற்குள் பின் வரிசை முழுக்க நித்திரை என்று பொருளாளர் சொன்னதால், இந்த முறை வழமையான விசயங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு 9 தடவை கூடியது. மதில் பூச்சு முடிந்தது, தண்ணீர்த் தாங்கி மாற்றியாயிற்று. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிச்சமெல்லாம் இலங்கை முழுவதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைதான், ஏனென்றால் இந்த வருடம் நாங்கள் சண்டை பிடித்ததெல்லாம் அதைப் பற்றித்தான்.

ஒரே வருடத்தில் இரண்டு பெறுபேறு வந்தது. 2024 செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் 3 கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, விசயம் உயர் நீதிமன்றம் வரை போய், டிசெம்பர் 31இல் தீர்ப்பு வந்து, மறுபரீட்சை இல்லை, அந்த 3 கேள்விக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி என்று முடிவாகி, பெறுபேறு கையில் கிடைக்க ஜனவரி ஆகிவிட்டது. திரும்ப எழுத வேண்டுமா இல்லையா என்று தெரியாமல் அந்தச் சின்னதுகள் இருந்த இருப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் எங்கள் பாடசாலையில் 17 பேர் எழுதி 3 பேர் வெட்டுப்புள்ளியை, அதாவது புலமைப்பரிசிலுக்குத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியைத் தாண்டினார்கள். 2025 ஓகஸ்ட் 10இல் நடந்த பரீட்சையில் 14 பேர் எழுதி 2 பேர். சரி, இங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

3 போய் 2 ஆகிவிட்டது, பாடசாலை இறங்குகிறது என்று நம் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுத, அதற்கு அடியில் 60 பதில். தயவுசெய்து ஒரு நிமிடம் கணக்குப் பாருங்கள். 14 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்தாலே 7 வீதம் மாறிவிடும். நாடு முழுவதும் 3 இலட்சத்துக்கு மேல் விண்ணப்பித்த பரீட்சை இது, தமிழ் மொழிமூலம் மட்டும் 76 ஆயிரத்துக்கு மேல், நாடு முழுவதும் எழுதியவர்களில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 17 பேர் அளவில்தான். நாங்கள் ஒன்றும் பாதாளத்தில் இல்லை. அந்த 2 பேரின் படத்தைப் போட்டு வாசலில் பதாகை கட்டவேண்டும் என்ற தீர்மானத்தை நான் எதிர்த்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். மற்ற 12 பிள்ளைகளும் அதே வாசலால்தான் தினமும் வந்து போகிறார்கள். வாக்கெடுப்பில் தோற்றேன், பதாகை கட்டினோம், மழையில் கிழிந்தும் விட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு வினாத்தாளும் சேர்த்து 200 புள்ளிகளில் 70கூட எடுக்காத 3 பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி அந்த 60 பதிலில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. சங்கச் செலவில் அரைவாசிக்கு மேல் மாதிரி வினாத்தாள் போட்டோகொப்பிக்கும் கருத்தரங்குக்கும் போயிருக்கிறது, அந்தக் காசு அவர்களுக்கு ஒரு சதத்துக்கும் உதவவில்லை. பெறுபேறு வந்த பிறகு தரம் 5 ரீச்சர் அவர்களைத் தனித்தனியாக இருத்தி, பழைய மாதிரித் தாளிலிருந்து கேள்விகளைத் தானே வாசித்துக் காட்டியிருக்கிறார். 3 டசின் முட்டையில் 5 உடைந்தால் மிச்சம் எத்தனை என்று கேட்க, 2 பேர் உடனே 31 என்றார்களாம். அதே கேள்வியைத் தாளில் கொடுத்தபோது வெறும் கோடு. கணக்குத் தெரியாமல் இல்லை, எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது.

ஏன் என்று யோசித்தால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளைகள் தரம் 1க்கு வந்தது 2021இல், கொரோனாவால் பாடசாலை பெரும்பாலும் பூட்டியிருந்த வருடம். போன் இருந்த வீட்டுப் பிள்ளை அ, ஆ படித்தது, இல்லாத வீட்டில் இல்லை. அடுத்த வருடம் பெற்றோல் வரிசை, ஆசிரியர்கள் வர வழியில்லாமல் திரும்பவும் வாரக்கணக்கில் பூட்டு. எழுத்துப் படிக்கவேண்டிய இரண்டு வருடமும் இப்படிப் போனதுகளுக்கு நாங்கள் தரம் 5இல் போய் மாதிரித் தாளை நீட்டியிருக்கிறோம். 2026இல் பரீட்சை எழுதப்போகிறவர்கள் அந்தப் பெற்றோல் வரிசைக் காலத்தில் தரம் 1இல் இருந்தவர்கள், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

என் பிழையையும் சொல்லவேண்டும். கருத்தரங்கை ஓகஸ்ட் 9, பரீட்சைக்கு முதல் நாள் சனிக்கிழமை என்று வைத்து, வளவாளருக்குச் சொல்லி, சாப்பாட்டுப் பார்சலுக்கு முற்பணமும் கொடுத்துவிட்டேன். ஓகஸ்ட் 6 நள்ளிரவோடு இந்தப் பரீட்சைக்கான வகுப்பு, கருத்தரங்கு எல்லாவற்றுக்கும் தடை என்பது எனக்கு அதிபர் சொல்லித்தான் தெரியும். முற்பணம் திரும்பி வரவில்லை, அதை என் கையால் கட்டிவிட்டேன். ஆனால் அந்த சனிக்கிழமை பிள்ளைகள் வீட்டில் விளையாடிவிட்டு நேரத்தோடு படுத்தது நல்லதுக்குத்தான் என்று ரீச்சர் சொன்னார், ஆறுதலுக்குச் சொன்னாரோ தெரியாது.

எங்கள் மூத்த உறுப்பினர் ஐயா ஒருவர், அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்விக் காலத்தில் இதே புலமைப்பரிசிலில் மத்திய கல்லூரி விடுதிக்குப் போனவர். "வாத்தியார் கூட்டிக்கொண்டு போய் இருத்தினவர், சோதினை எண்டு தெரியாமலே எழுதினனான்" என்றார். இன்றைக்குத் தரம் 3 பிள்ளைக்கே ரியூசன்.

அதனால் இன்றைய கூட்டத்துக்கு நிர்வாகக் குழுவின் பிரேரணை இது: 2026 ஜனவரி முதல் சங்கச் செலவில் சனிக்கிழமைகளில் தரம் 3, 4 பிள்ளைகளுக்கு இரண்டு மணித்தியால வாசிப்பு வகுப்பு. மாதிரித் தாள் செலவைப் பாதியாகக் குறைக்கிறோம், முற்றாக நிறுத்தவில்லை, பெற்றோர் பயப்படவேண்டாம். கதைப் புத்தகம் வாங்கப் பிரான்ஸ் கிளை ஒத்துக்கொண்டிருக்கிறது. கற்பிக்க இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள், இன்னும் ஒருவர் தேவை, உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் யாராவது இருந்தால் கூட்டம் முடிய என்னிடம் பெயர் தாருங்கள். நூலக அறைத் திறப்பு அதிபரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. மூன்றாவதைப் போன வருடம் எடுத்தவர் தயவுசெய்து திருப்பித் தரவும்.