‘கைச்செதுக்கு’ என்று அட்டையில் எழுதுமுன்

கனடாவின் வான்கூவரிலும் விக்டோரியாவிலும் பரிசுப்பொருள் கடை நடத்துவோருக்கு,

வணக்கம். உங்கள் கண்ணாடிப் பேழைகளில் விலங்குருவம் பொறித்த, இரு முனைகளும் சேராமல் திறந்திருக்கும் வெள்ளிக் காப்புகள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை: ‘பூர்வகுடி வடிவம், கைச்செதுக்கு, 925’. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இந்த மடல் அந்த அட்டையைப் பற்றியது.

முதலில் கைச்செதுக்கு. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான தடிமனில் வெள்ளித் தகடு எடுத்து, சூடேற்றி இளக்கி, அதன்மேல் வடிவத்தை வரைந்து, செதுக்குளியைக் கையால் தள்ளி வெள்ளியைச் சுருள்சுருளாக எடுப்பதுதான் அது. உளியைப் பக்கவாட்டில் சாய்த்தால் வெட்டு அகலும், நிமிர்த்தினால் மெலியும். அதனால் ஒரே கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும், காப்பைத் திருப்பத் திருப்ப வெட்டின் சரிவு பளிச்சிடும். 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வையுங்கள். வார்ப்பில் விளிம்பு மழுங்கி, பள்ளத்தில் ஊசித்துளைகள் தெரியும். மெல்லிய தகட்டில் அச்சடித்திருந்தால் பின்புறம் தடம் விழுந்திருக்கும். லேசர் என்றால் ஆழம் எங்கும் ஒன்றுபோல, அடி சொரசொரப்பாக இருக்கும். வார்ப்பு ஒன்றும் குற்றமில்லை. கலைஞர்களே தம் மூலத்தை வார்க்கக் கொடுப்பதுண்டு. வார்ப்பு என்று எழுதி விற்றால் போதும்.

‘பூர்வகுடி’ என்பது இன்னும் மோசம். யாருடைய வடிவம்? வான்கூவர் தீவின் வடக்கிலும் எதிர்க்கரையிலும் வாழும் குவாக்வாக்யவாக்வ் மக்களின் காப்பைக்கூட ‘ஹைடா’ என்று வேறொரு பூர்வகுடி மக்களின் பெயரில் விற்கிறீர்கள். பெயர்பெற்ற கலைஞர் பில் ரீட் ஹைடா மரபினர், அவர் புகழ் அப்படி. இந்தக் காப்புகளுக்குக் கடையைவிட மூத்த இடம் ஒன்று உண்டு. வெள்ளி நாணயங்களைத் தட்டிச் செய்த காப்புகள் பொட்லாட்ச் எனும், விருந்தினருக்குப் பரிசளிக்கும் சடங்கு விழாக்களில் விருந்தினருக்கு வழங்கப்பட்டன. 1885 முதல் 1951 வரை அந்த விழாவையே கனடா தடை செய்திருந்தது. குலச்சின்னத்தைக் காட்டும் உரிமை குடும்பவழி வருவது. கலைஞரைக் கேட்காமல் ‘இன்ன குலத்தின் சின்னம்’ என்று அட்டையில் கதை கட்டாதீர்கள்.

விலங்கின் பெயரிலும் அதே அலட்சியம். நேரான அலகு அண்டங்காக்கை. கீழ்நோக்கி வளைந்தால் கழுகு. அதோடு தலையில் சுருண்ட கொம்பும் இருந்தால் தொன்மக் கதைகளின் இடிப்பறவை. நடுவில் மனித முகமும் இரு முனைகளிலும் பாம்புத் தலையும் இருப்பது சிசியுட்ல் எனும் தொன்மப் பாம்பு. அதை ‘டிராகன்’ என்று எழுதிய அட்டையும் உண்டு!

சிசியுட்ல் காப்பு பெரிதாக இருக்கிறதென்று ஒரு முனையை வெட்டிச் சிறிதாக்காதீர்கள். ஒரு தலை போய்விடும். செய்யும்போதே மணிக்கட்டை அளந்து, இடைவெளி சேர்த்துச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கையில் போட்டுக் காட்டும்போது காப்பை விரித்து மூடாதீர்கள். வளைய வளைய வெள்ளி இறுகும், ஆழமான வெட்டு இருக்கும் இடத்தில் விரிசல் விடும். பெரும்பாலும் நடுவில், முகத்தின் குறுக்கே. மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கவாட்டில் ஒரு முனையை நுழைத்து உருட்டினால் விரிக்கவே வேண்டாம்.

கறை போக வெள்ளியை முக்கி எடுக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். பள்ளத்துக் கோடுகளில் கலைஞர் வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பை அது கழுவிவிடும். மெருகேற்றும் பஃப் சக்கரமோ வெட்டின் கூர்மையையே தேய்த்துவிடும். மெல்லிய துணி போதும். ரப்பர் விரிப்பின்மேல் வைக்காதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும்.

925 என்ற தர முத்திரை இருந்தால், கனடாவின் விலையுயர் உலோக முத்திரைச் சட்டப்படி பதிவுசெய்த, அல்லது பதிவுக்கு விண்ணப்பித்த, வணிகச்சின்னமும் கூடவே இருக்க வேண்டும். இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த சரக்கு வரும்போது அட்டையில் கலைஞர் பெயர், அவர் எந்த மக்கள், விலங்கு எது, செதுக்கியதா வார்த்ததா லேசரா என்ற நான்கையும் எழுதுங்கள். சரக்கு தருபவரால் முதல் இரண்டைச் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சரக்கை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
வெள்ளிச் செதுக்கு வேலை அறிந்தோர் சிலர்