எஃப்2 அழுத்தும் முன்: தேன்மொழிக்கு ஒரு கடிதம்

அம்பத்தூர்

அன்புள்ள தேனு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து வராந்தா வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. உன் அம்மாவை எனக்குத் தெரியாதா? நீ கிளாஸுக்குப் போன நேரம் பார்த்து வாக்கரை ஓரம் தள்ளிவிட்டு அடுப்படியில் போய் நிற்பார்கள். பிசியோதெரபியை மட்டும் விடாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் பிளஸ் டூ. அவன் படிக்கிறானோ இல்லையோ, வீட்டில் மற்ற எல்லாரும் பரீட்சைக்குத் தயாராகிவிட்டோம். அவருக்கு ஓசூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. சனி, ஞாயிறு மட்டும் வந்து போகிறார்.

உங்கள் பாலிடெக்னிக்குக்கு யாரோ கழித்துக்கட்டிய டெல் ஆர்730 சர்வர் வந்து இறங்கியதைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறாயே, மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக்கூட நீ இவ்வளவு எழுதியதில்லை! 2014-ல் வந்த ரகம்தான், ஆனால் நல்ல உழைப்பாளி. வருகைப் பதிவு, பாடம் நடத்தும் மூடில் தளம், பிள்ளைகள் பழக நாலைந்து விர்ச்சுவல் மிஷின் (ஒரே மிஷினுக்குள் மென்பொருளாக ஓடும் தனித்தனிக் கம்ப்யூட்டர்) எல்லாம் அதற்குத் தூசு. "எஃப்2 தட்டினால் பக்கம் பக்கமாக செட்டிங் வருகிறது, எதைத் தொடுவது, எதை விடுவது?" என்று கேட்டிருந்தாய். முக்கால்வாசியைத் தொடாதே. தொட வேண்டிய சிலவற்றை விண்டோஸோ லினக்ஸோ போடுவதற்கு முன்னாலேயே தொட்டுவிடு. மிச்சம் சிலது, நீ வீட்டில் தூங்கும்போது அந்த மிஷின் தனியாக என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியவை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி ரகம்தான். அதனால் அதைத்தான் நீட்டி எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு சங்கதி. பழைய மிஷின் என்றால் பழைய முதலாளியின் கைரேகை உள்ளே இருக்கும். ஆன் செய்ததும் மெமரியைச் சரிபார்க்கிறேன், ஐடிராக்கை (சர்வரைத் தூரத்திலிருந்து மேய்க்க உதவும் உள் பகுதி, பின்னால் சொல்கிறேன்) எழுப்புகிறேன், சாமான் கணக்கெடுக்கிறேன் என்று நிமிடக்கணக்கில் இழுக்கும். பயந்துவிடாதே, சர்வர் என்றால் அப்படித்தான். டெல் சின்னம் வரும்போது எஃப்2. சிஸ்டம் பயாஸ், ஐடிராக் செட்டிங்ஸ், டிவைஸ் செட்டிங்ஸ் என்று மூன்று வாசல் தெரியும். மிஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய், கீழே இருக்கும் டிஃபால்ட் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் பிறந்த நிலைக்குக் கொண்டுவா. ஐடிராக்குக்கும் அதே போல ரீசெட் உண்டு. உள்ளே நுழையவே பாஸ்வேர்டு கேட்டால், கரண்டைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திற. பாஸ்வேர்டை அழிக்க மதர்போர்டில் ஒரு ஜம்பர் இருக்கிறது. திறந்ததுதான் திறந்தாய், சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடு. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கிற வட்டப் பேட்டரிதான். அது செத்தால் கடிகாரம் எங்கேயோ ஓடிப்போய், எல்லா சர்டிஃபிகேட்டும் செல்லாது என்று பிரவுசர் கத்தும். காரணம் புரியாமல் நீ மண்டையை உடைத்துக்கொள்வாய்.

மெமரி செருகும்போது வெள்ளை நெம்பு உள்ள இடங்களை முதலில் நிரப்பு, அப்புறம் கறுப்பு, கடைசியில் பச்சை. ரெண்டு பிராசஸருக்கும் சமமாகப் பங்கு போடு. மெமரி செட்டிங்கில் மிரர் என்று ஒன்று வரும். எழுதுவதையெல்லாம் ரெண்டு பிரதியாக வைத்துக்கொள்ளும், அதனால் 128 ஜிபி போட்டால் 64 தான் கைக்கு வரும். உங்களுக்கு அது வேண்டாம், ஆப்டிமைசரிலேயே விடு.

இனி, முன்னாலேயே முடிவு செய்ய வேண்டிய ரெண்டு. ஒன்று, பூட் மோட், அதாவது மிஷின் டிஸ்க்கிலிருந்து ஓஎஸை (விண்டோஸோ லினக்ஸோ) கிளப்பும் முறை. இந்த ரகம் பழைய பயாஸ் முறையில்தான் வரும். அதை யூஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்று. பழைய முறை நம்பியிருக்கும் எம்பிஆர் என்ற டிஸ்க் அட்டவணையில், செக்டரை (டிஸ்க்கின் சின்னத் துண்டு) 32 பிட்டில் எண்ணுகிறார்கள். ஒரு செக்டர் 512 பைட் என்றால் 2 டெராபைட் சொச்சத்தோடு எண் தீர்ந்துபோகும். நீ 4 டெராபைட் டிஸ்க் போட்டு, அதிலிருந்தே பூட் ஆக வேண்டும் என்கிறாய். ஓஎஸ் போட்ட பிறகு இதை மாற்றினால் பூட் ஆகாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இன்னொன்று ரெய்டு, பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தகவல் போகாமல் காப்பது. டிவைஸ் செட்டிங்ஸ் வாசல் வழியாக பெர்க் கன்ட்ரோலருக்குள் (டெல்லின் ரெய்டு கார்டு) போனால் டிஸ்குகளைச் சேர்க்கலாம். ஓஎஸுக்கு ரெண்டு டிஸ்க்கை ரெய்டு 1 (ரெண்டிலும் ஒரே பிரதி), பாடத்துக்கும் விர்ச்சுவல் மிஷினுக்கும் நாலு டிஸ்க்கை ரெய்டு 10 (ஜோடி ஜோடியாகப் பிரதி, ஜோடிகளுக்குள் பங்கீடு), அவ்வளவு போதும். டிஸ்குகளைத் தானே சேர்த்து நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் போடப்போகிறேன் என்று உங்கள் லேப் பையன் பிடிவாதம் பிடித்தால், கன்ட்ரோலரை ரெய்டு இல்லாத எச்பிஏ முறைக்கு மாற்றி டிஸ்குகளை நேரடியாக அவனிடம் கொடுத்துவிடு. ரெண்டையும் கலக்கிறேன் பேர்வழி என்று இறங்காதீர்கள்.

பிராசஸர் பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் ஆனில்தான் இருக்கும், ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள். நோட் இன்டர்லீவிங் (ரெண்டு பிராசஸரின் மெமரியையும் கலந்து பரப்புவது) ஆஃபிலேயே இருக்கட்டும். சிஸ்டம் ப்ரொஃபைலில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாருக்கும் கை அரிக்கும். அதைப் போட்டால் பிராசஸர் ஓய்வுக்கே போகாது. சும்மா இருக்கும்போதும் கரண்ட் குடிக்கும், சூடாகும், ஃபேன் சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்கும். பங்குச் சந்தையில் மைக்ரோசெகண்டுக்கு அடித்துக்கொள்பவர்கள் போடட்டும். பெர்ஃபார்மன்ஸ் பெர் வாட் என்று இருப்பதே உங்களுக்குச் சரி.

இப்போது கரண்டுக்கு வருகிறேன். உங்கள் ஊரில் ஐப்பசி இடி எப்படி இறங்கும் என்று தெரியும், ஆடிக் காற்றுக்குக் கம்பி அறுவதும் தெரியும். சிஸ்டம் செக்யூரிட்டிக்குள் ஏசி பவர் ரெகவரி என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறது. இதை ஏன் செக்யூரிட்டியில் வைத்தார்கள் என்று கேட்காதே, எனக்கும் விளங்கியதில்லை. கரண்ட் போய் வந்தால் மிஷின் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு லாஸ்ட், ஆன், ஆஃப் என்று மூன்று பதில். வரும்போது லாஸ்ட் என்று இருக்கும். கரண்ட் போன நொடியில் ஓடிக்கொண்டிருந்தால் திரும்பவும் ஓடும், அணைந்திருந்தால் அணைந்தே கிடக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நீ யுபிஎஸ் வைத்து, பேட்டரி இறங்கும்போது சர்வரை ஒழுங்காக ஷட்டவுன் செய்யும் மென்பொருளும் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். அப்போது யோசித்துப் பார். மென்பொருள் சர்வரை மரியாதையாக அணைக்கும். அதற்குப் பிறகுதான் யுபிஎஸ் சாகும். ஆக, சர்வரின் கணக்கில் கடைசி நிலை 'ஆஃப்'. விடிகாலை கரண்ட் வந்தாலும் அது எழுந்திருக்காது. அதனால் யுபிஎஸ் இருக்கிற இடத்தில் லாஸ்டை நம்பாதே, ஆன் என்று போடு.

அதிலும் ஒரு சூட்சுமம். சர்வர் அணைந்த பிறகு, யுபிஎஸ் சாவதற்குள்ளேயே கரண்ட் வந்துவிட்டால்? சர்வரைப் பொறுத்தவரை வயரில் கரண்ட் ஒரு கணம்கூட நிற்கவே இல்லை. நிற்காத கரண்ட் எப்படித் திரும்பி வரும்? அது பாட்டுக்கு அணைந்தே கிடக்கும். இதற்குத்தான், ஷட்டவுன் முடிந்ததும் யுபிஎஸ் சர்வருக்குக் கரண்ட் தரும் தன் வெளிவாயை ஒருமுறை அடைத்துத் திறக்க வேண்டும் என்று கட்டளை கொடுக்கிற வசதி இருக்கிறது. நீங்கள் நட் (நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ்) மென்பொருள் போட்டால் அதில் உண்டு, அதை மறக்காமல் இயக்கிவிடு. போட்ட பிறகு ஒரு சனிக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரி இறங்குகிற வரை பொறுத்திருந்து, சர்வர் தானாக எழுகிறதா என்று கண்ணால் பார். மாணவர்களையும் கூட வைத்துக்கொள். எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லித் தராது.

அதே இடத்தில் ரெகவரி டிலே என்று இன்னொன்று. சுவிட்சும் ரவுட்டரும் உயிர் பெறுவதற்குள் சர்வர் எழுந்து, நெட்வொர்க் இல்லையே என்று முழிக்கும். 60-லிருந்து 240 வினாடிக்குள் நீயே ஒரு தாமதம் கொடுக்கலாம், 120 கொடு. ரேண்டம் என்று இருப்பது எங்களைப் போல சர்வர்களை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு. எல்லாம் ஒரே நொடியில் எழுந்தால் பிரேக்கர் விழும்.

அடுத்தது மிஸலேனியஸில், எஃப்1/எஃப்2 ப்ராம்ப்ட் ஆன் எரர். ஏதாவது கோளாறு தென்பட்டால் மிஷின் பாதியில் நின்று, யாராவது வந்து எஃப்1 அழுத்தும் வரை காத்திருக்கும். கீபோர்டு கோளாறும் இந்தக் கணக்கில் சேரும்! எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இடத்தில் (இது வேறு மிஷின்) ராத்திரி ரீஸ்டார்ட் ஆனபோது ஒரு மெமரி ஸ்டிக் படுத்துவிட்டது. மிச்ச மெமரியை வைத்து ஓடியிருக்கலாம். ஆனால் விடிந்து செக்யூரிட்டி அண்ணன் வந்து விசையைத் தட்டும் வரை பில்லிங் நின்றுபோனது. இந்த ப்ராம்ப்டை அணைத்து வை. அணைத்தால் கோளாறு கண்ணுக்குத் தெரியாமலே போகும் ஆபத்தும் உண்டு, அதனால் ஐடிராக்கிலிருந்து உன் மெயிலுக்கு எச்சரிக்கை வருகிற மாதிரி செய்துகொள். இதே காரணத்தால் சிஸ்டம் பாஸ்வேர்டு போடாதே, ஒவ்வொரு முறையும் ஆள் வந்து தட்டினால்தான் பூட் ஆகும். செட்டிங்கை மாற்றும்போது மட்டும் கேட்கும் செட்டப் பாஸ்வேர்டைப் போடு.

ஐடிராக் என்பது சர்வருக்குள் இருக்கும் குட்டி கம்ப்யூட்டர். சர்வர் அணைந்திருந்தாலும் வயரில் கரண்ட் இருந்தால் அது விழித்திருக்கும். வரும்போது முகவரி 192.168.0.120, பெயர் ரூட், பாஸ்வேர்டு கால்வின். இது உலகத்துக்கே தெரிந்த ரகசியம், உங்கள் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். முதல் வேலையாக மாற்று. கல்லூரி வைஃபையிலிருந்து எட்டாத தனி விஎல்ஏஎன்னில் (பிரித்து வைத்த நெட்வொர்க்) வை. ஐபிஎம்ஐ ஓவர் லேன் (நெட்வொர்க் வழியாக சர்வரை மேய்க்கும் பழைய நெறிமுறை) ஆஃப்பில் இருக்கட்டும். அந்த நெறிமுறையிலேயே ஓட்டை: பெயரைச் சொன்னாலே, உள்ளே விடுவதற்கு முன் பாஸ்வேர்டின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட குறியீடு, யூகித்து உடைக்கலாம்) நீட்டிவிடும்.

இங்கே இப்போது யாரும் எஃப்2 தட்டுவதில்லை, தெரியுமா? ஐடிராக்கோடு பேசும் ராகேடம் கட்டளையிலோ ரெட்ஃபிஷ் வழியாகவோ ஒரு செட்டிங் ஃபைலை அனுப்பினால், அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு ரேக்கில் அடுக்கிய சர்வர்கள் மொத்தமும் ஒரே மாதிரி மாறிவிடும். போன வருடம் சேர்ந்த பெண் ஒருத்தி நன்றாக வேலை செய்கிறாள். ஆனால் செட்டப் திரையை அவள் நேரில் பார்த்ததே இல்லை. அந்தக் காலத்தில் நம் லேபில் டெலீட் விசையைத் தட்டி, ஹார்ட் டிஸ்க் லேபிளைப் பார்த்து சிலிண்டர், ஹெட், செக்டர் என்று ஒவ்வொரு எண்ணாக அடித்தோமே, அதைச் சொன்னால் சிரிக்கிறாள். நமக்கும் முன்னால் 1981 ஐபிஎம் பிசியில் போர்டில் இருக்கிற சின்னச் சின்ன டிப் சுவிட்சுகளைப் பேனா முனையால் தள்ளித்தான் மெமரி எவ்வளவு என்று சொன்னார்களாம். 1984-ல் ஐபிஎம் பிசி ஏடி வந்தபோதுதான் பேட்டரி போட்ட சிமாஸ் (செட்டிங்கை நினைவில் வைக்கும் சின்ன மெமரி). அப்போதும் செட்டப் தனி ஃபிளாப்பியில் இருந்தது, ஃபிளாப்பி தொலைந்தால் போச்சு.

உன்னிடம் இருப்பது ஒரே ஒரு மிஷின். அதனால் பிள்ளைகளைக் கூட்டிவைத்து கையாலேயே செய். ஒவ்வொரு பக்கத்தையும் மாற்றுவதற்கு முன் ஒரு போட்டோ, மாற்றிய பின் ஒரு போட்டோ. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ரீஸ்டார்ட் செய்யச் சொல், மூன்றை மாற்றிவிட்டு எது வேலையைக் காட்டியது என்று தேட வேண்டாம்.

பொங்கலுக்கு நாகர்கோவில் வருவதாக இருக்கிறேன், அவருக்கு லீவு கிடைத்தால் நாலு பேரும், இல்லாவிட்டால் நானும் பிள்ளைகளும். வந்தால் ஒரு அரை நாள் உன் சர்வர் ரூமுக்குக் கொடுக்கிறேன், பதிலுக்கு அம்மா கையால் தீயல் வேண்டும் (உட்கார்ந்தபடியே சொல்லட்டும், நீ செய்). அதற்குள் அந்த மெயின் சுவிட்ச் சோதனையைச் செய்துபார்த்து, யுபிஎஸ் எந்த ரகம், பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கியது என்று எழுது. பேட்டரி பழசாக இருந்தால், சர்வருக்குச் செலவு கேட்பதற்கு முன் பிரின்சிபாலிடம் அதற்குக் கேள்.

அன்புடன்,
கலா