அடிக்காத மிஸ்கோல்

தம்பி,

இண்டைக்கு ஆடி அமாவாசை. நம்மட மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனன். அப்பாக்கு நீதான் எள்ளும் தண்ணியும் விடோணும், நீ இல்ல, நான் சும்மா முழுகிட்டு வந்து இருந்து இத டைப் பண்றன். ஒனக்கு அனுப்பினா பாக்காமலே அழிச்சிப்போடுவாய், அதால எல்லாரும் பாக்கிற இடத்தில போடுறன், ஆராவது காட்டுவாங்க.

2012ல நீ அவுஸ்திரேலியாக்குப் போகக் கள்ளமா வள்ளம் ஏறினதும் இதே அமாவாசைதான். ஊரே மாமாங்கத்தில, கும்மிருட்டு, ஒங்களுக்கு நல்ல நாள். நேவிக்கு மட்டும் அது தெரியாதா? ட்ரோலருக்குப் போய்ச் சேர முதல் டோறாச் சத்தம், நேவிட வேகப் படகுச் சத்தம், கேட்டா ஒரு மிஸ்கோல் அடி அக்கா, வள்ளத்தத் திருப்பிட்டு வந்திருவம் எண்டுதான் சொன்ன நீ. (எந்தக் கரை, ஆர் ஏத்தினது எண்டெல்லாம் எழுதமாட்டன். அவங்கள் இஞ்சதான் இருக்காங்க.)

காத்து விழுந்து கிடந்திச்சு. டோறா லைட்டெல்லாம் நூத்துப்போட்டு வடக்கால வந்தது. சண்டைக்காலத்தில கேட்டுப் பழகின சத்தம், முதல் நெஞ்சுக்குள்ள கேக்கும், மறுகாதான் காதுக்கு. போன் கையில, ஒன்ட நம்பர் ஸ்கிரீன்ல. அந்தப் பழைய நோக்கியாட லைட் கொஞ்ச நேரத்தில தானா நூரும், நான் வேற பட்டன அமத்தி எரிய விடுவன், மறுகா நூரும், மறுகா அமத்துவன், கோல் பட்டன மட்டும் அமத்தல்ல. மூணு தரம். காசு முடிஞ்சிட்டுது எண்டு ஒனக்குச் சொன்னது பொய். 38 ரூவா கிடந்திச்சு.

அடிச்சிருந்தா வந்து அடுத்த இருட்டுக்குத் திரும்பவும் போவாய். புடிபட்டாத்தான் நிப்பாய். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடில எத எடுத்தம் எத எடுக்கல்ல எண்டு ஒனக்குச் சொல்லத் தேவையில்ல. ஆனா வள்ளத்தில நீ மட்டுமா இருந்தாய், அந்தப் புள்ளத்தாச்சிப் பொம்புளய நான் அந்த நேரம் நினைக்கவேயில்ல. நான் காட்டிக்குடுத்தன் எண்டு கதைச்ச ஆக்களும் இத வாசிப்பீங்க. நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லல்ல. தம்பிக்கும் சொல்லல்ல, பிழை அதுதான்.

ஒரு மாசம் போகல்ல, ஓகஸ்ட் 13ல, போட்டில வாறவங்கள நவுரு, மானுஸ் தீவு முகாமுகளுக்கு அனுப்புவம் எண்டு அவுஸ்திரேலியா அறிவிச்சிச்சு. 2014ல 41 பேர நடுக்கடல்ல மறிச்சு, நம்மட மட்டக்களப்புக் கடலுக்கு அங்கால வச்சே நேவிட்டக் குடுத்தாங்க. அதெல்லாம் வாசிச்சிட்டு நான் செஞ்சது சரிதானே எண்டு எனக்கு நானே சொல்லிக்குவன். அடுத்த நாள் பாத்தா, ஒனக்கு முந்தின போட்டில போன பக்கத்து வீட்டுப் பெடியன் மெல்பேர்ன்ல நிண்டு போட்டோ போட்டிருப்பான். பிரிட்ஜிங் விசா எண்ட தற்காலிக விசாதான் இன்னும், ஆனா ஆள் நல்லாத் தடிச்சிட்டான்.

நீ மட்டும் நல்லவனா? அம்மாட அட்டியல என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காம ஈடு வச்சாய். நீ புடிபட்டதுக்குக் கோட்டுக்கு அலைஞ்சது நான், பிணை நிண்டது அத்தான், அந்த மனிசன்ட முகத்தக்கூடப் பாக்காம கத்தாருக்கு ஏறினாய். அவருக்கு இப்ப சுகர். கேட்டியா?

மூத்தவனுக்கு 20 வயசு. போன கிழமை கேக்கிறான், அம்மா, மாமா போன மாதிரி போட் இப்பயும் போகுதாமே எண்டு. மிஸ்கோல் கதையெல்லாம் அவனுக்குச் சொன்னன். ஒண்டும் பேசல்ல, எழும்பிப் போய் முத்தத்தில நிண்டான். அவனுக்குச் சொல்லிட்டு ஒனக்குச் சொல்லாம இருக்க ஏலாதுதானே.

வட்டி கட்டிக் கட்டி அட்டியல மீட்டுட்டன். அது ஒன்ட மகளுக்கு. ஒரு கல்லு மட்டும் காணல்ல, ஈடு புடிச்ச இடத்தில விழுந்திச்சோ தெரியா. நான் எடுக்கல்ல தம்பி.

அக்கா