தம்பி, அண்டைக்குக் கஞ்சிக்கு உன்னை விடாதது நான்தான்

தம்பி ராசா,

போன ஞாயிறு நீ கோல் எடுக்கேக்க கடைசியா ஒரு கதை சொன்னாய், "அம்மா எனக்கு இப்ப நித்திரையே வாறேல்லை, நான் போயிருந்தா அப்பா இருந்திருப்பார் எண்டு மண்டைக்குள்ள ஓடிக்கொண்டே இருக்கு" எண்டு. சொல்லிப்போட்டு உடன சிரிச்சாய், ஷிப்டுக்கு நேரமாச்சு எண்டு வைச்சிட்டாய். நான் போனைக் கையில வைச்சபடி கிணத்துக்கட்டில இருந்தனான்தான், தங்கச்சி கம்பஸால வந்து லைற்றைப் போடுமட்டும் எழும்பேல்லை. அண்டையில இருந்து இதை அடிக்கிறன், அடிக்கிறதும் அழிக்கிறதும். போனில சொல்ல வெளிக்கிட்டா எனக்குத் தொண்டை அடைச்சுப்போடும், அதுதான் எழுத்தில. எழுத்துப் பிழை கிடந்தா பாக்காத.

முதல் அந்த விசயத்தையே சொல்லிப்போடுறன், சுத்தி வளைச்சா பேந்து சொல்லாமலே விட்டிடுவன்.

2009, கடைசிச் சண்டை நேரம், முல்லைத்தீவு மாத்தளன், சித்திரை வருசப்பிறப்புக்கு முதல் கிழமை. கஞ்சி குடுக்கினம் எண்டு பக்கத்துப் பங்கர் மாமி வந்து சொல்ல நீதான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனி. நான் உன்ர சேட்டைப் பிடிச்சு இழுத்து உள்ளுக்க இருத்தினன். உனக்கு அப்ப 14 வயசுதான், ஆனா பாக்க 17 மாதிரி வளர்த்தி, அது இயக்கம் சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிற காலம், வரிசையில நிண்ட பொடியனைக் கொண்டுபோனதையும் தாய் பின்னால ஓடினதையும் நான் என்ர கண்ணால பாத்தனான். அதால அப்பாவைப் பாத்து "நீங்கள் போட்டு வாங்கோ, அவனை விடேலாது" எண்டு நான்தான் சொன்னன். அப்பா அப்பதான் மண் மூட்டை அடுக்கிப்போட்டுக் களைச்சுப்போய்ப் படுத்திருந்தவர், என்ர கூறைச் சீலையை வெட்டித் தைச்ச மூட்டை. மனுசன் ஒண்டும் சொல்லேல்லை. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு உன்ர கையில இருந்த சட்டியை வாங்கினவர். அந்த வாங்கினது மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்குப் போல. நான் சொன்னது ஷெல் சத்தத்துக்குள்ள உனக்குக் கேக்கேல்லை எண்டு போன ஞாயிறு மட்டும் எனக்குத் தெரியாது தம்பி.

அது நான் எடுத்த முடிவு. நீ மாட்டன் எண்டு நிண்டு அப்பா போகேல்லை. நீ போகத்தான் வெளிக்கிட்டனி.

எனக்கு இவ்வளவு காலமும் என்ன நினைப்பு எண்டா, உனக்கு இது தெரியும், தெரிஞ்சுதான் என்னோட கனக்கக் கதைக்கிறேல்லை எண்டு. நீ என்னெண்டா உன்னாலதான் அப்பா போனவர், அம்மாக்கு என்னில கோவம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாய். ரெண்டு பேரும் 16 வருசமா "சாப்பிட்டியளே அம்மா", "ஓமடா, நீ சாப்பிட்டியோ" எண்டு கேட்டுக் கேட்டே காலத்தைக் கொண்டுபோட்டம்.

இன்னொண்டும் இருக்கு. அப்பாவைப் புதைக்கேக்க மண்வெட்டி இல்லை, நீயும் பக்கத்துப் பங்கர் மாமாவும் கையாலதான் கிண்டினீங்கள். அது கடல் மண், கிண்டக் கிண்டச் சரிஞ்சு சரிஞ்சு விழும், நீ திருப்பித் திருப்பி அள்ளினாய். உன்ர நகத்துக்குள்ள ரத்தம். அப்ப உனக்கு அழுகை வந்தது, வாய் கோணினது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. நான் உனக்குக் கிட்ட வந்து "அழாத தம்பி, தங்கச்சி பயந்திடுவாள், இனி நீதான் ஆம்பிளை" எண்டன். நீ வாயை மூடினனி. அதுக்குப் பிறகு, சித்திரை 20 அண்டைக்கு சனத்தோட சனமா ராணுவப் பக்கம் போகேக்கயும் அழேல்லை, செட்டிகுளத்தில அருணாசலம் முகாமில தறப்பாளுக்குள்ள வெந்துகொண்டு கிடக்கேக்கயும் அழேல்லை, தண்ணி வரிசையில மணித்தியாலக் கணக்கா நிண்டு ரெண்டு வாளியோட வருவாய், முகத்தில ஒண்டும் இருக்காது. சனம் எல்லாம் "நல்ல பொடியன், குடும்பத்தைத் தாங்குறான்" எண்டு சொல்லுங்கள், எனக்கும் பெருமைதான். அது பெருமைப்படுற விசயம் இல்லை எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. 14 வயசுப் பிள்ளையை அழ விட்டிருக்க வேணும். மன்னிச்சுக்கொள்ளு ராசா.

எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம் வந்திட்டுது பார், ஆரும் தங்கட கவலையைச் சொன்னா "உனக்கு ஒருத்தர்தான், அந்த வீட்டில அஞ்சு பேர்" எண்டு வாயை அடைக்கிறது. எல்லா வீடும் செத்தவீடு எண்டா ஆர் ஆரிட்டப் போய் அழுறது. வழமையா எண்டா ஊர் கூடும், பறை அடிக்கும், பொம்பிளையள் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைப்பினம், எட்டு, அந்தியேட்டி எண்டு 31 நாளும் வீட்டில சனம் இருக்கும், சனம் கலையேக்க துக்கமும் கொஞ்சம் கலையும். அப்பாக்கு அது ஒண்டும் இல்லை. அண்டைக்குப் பின்னேரமே நாங்கள் பங்கர் மாறினது. நீ கனடா போன முதல் பனிக்காலம் எடுத்து "ஏலாம இருக்கு அம்மா" எண்டு அழுமாப்போல சொன்னனி, அதுக்கும் நான் "நாங்கள் பட்டதுக்கு உது ஒரு கஸ்ரமே" எண்டனான். அதோட நீயும் சொல்லுறதை விட்டிட்டாய். அந்த ஒரு வசனத்தை எத்தினை இரவு திருப்பித் திருப்பி யோசிச்சிருப்பன்.

இப்ப எப்பிடி இவ எல்லாம் எழுதுறா எண்டு யோசிப்பாய். ரெண்டு வருசத்துக்கு முதல் எனக்கு நெஞ்சு இடி வந்தது, உனக்குக் காஸ் எண்டு பொய் சொன்னனான். இரவில எழும்பி இருப்பன், நெஞ்சு படபடவெண்டு அடிக்கும், விரல் விறைக்கும். ஆஸ்பத்திரியில மூண்டு தரம் ஈசிஜி எடுத்தும் ஒண்டும் இல்லை. கடைசியா ஒரு சின்னப் பிள்ளை டொக்டர், தங்கச்சியின்ர வயசுதான் இருக்கும், குளிசை எழுதுறதை விட்டிட்டு நிமிந்து "அம்மா, இரவில என்ன நேரம் முழிப்பு வருது?" எண்டு கேட்டா. அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்திட்டுது, வெளியில லைனில நிண்ட சனத்துக்கும் கேட்டிருக்கும்.

அவதான் மனநலப் பக்கம் அனுப்பினவ. எனக்கு வெக்கமா இருந்தது, விசர் எண்டு கதைப்பினம் எண்டு செருப்பைக் கூட வாசலில விடேல்லை, கையில கொண்டு போனன். முதல் மூண்டு தரமும் அங்க இருந்த கவுன்சிலர் பிள்ளையோட ஆடு வேலி பாஞ்சதும் பெரும்போகம் தண்ணியில போனதும்தான் கதைச்சனான். அவள் ஒரு நாளும் அவசரப்படுத்தேல்லை. பேந்து எங்களை மாதிரி ஏழு பொம்பிளையளைச் சேத்து ஒவ்வொரு வியாழனும் மாமரத்துக்குக் கீழ பாய் போட்டு இருத்தி வைச்சாள். அங்கதான் போன வருசம் அப்பாவை அனுப்பின கதையை முதல் முதல் வாயால சொன்னன். ஒருத்தரும் "விடுங்கோ அக்கா, விதி" எண்டு சொல்லேல்லை. பக்கத்தில இருந்தவ தண்ணிக் கப்பை என்ர பக்கம் தள்ளி வைச்சா. பேந்து தன்ர கதையைச் சொன்னா. அண்டைக்கு இரவு நான் விடியுமட்டும் நித்திரை கொண்டன், நம்பமாட்டாய்.

அந்தப் பிள்ளை சொன்னவள், யுத்தக் காலத்தில யாழ்ப்பாணத்தில மனநல வைத்தியரா இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றிக் கனக்க எழுதியிருக்கிறாராம், சண்டை ஆளை மட்டும் காயப்படுத்திறேல்லை, குடும்பத்தையும் ஊரையும் சேத்துத்தான் காயப்படுத்தும் எண்டு. எங்கட ஆக்களுக்கு மனசு நோ உடம்பு நோவாத்தான் கனக்க வாறது எண்டும் சொன்னவள். உனக்கு அந்த முதுகு நோவும் தலையிடியும் ஏன் எண்டு நான் அப்பதான் யோசிச்சன்.

நெஞ்சு இடி ஒரேயடியா மாறிட்டுது எண்டு சொல்லமாட்டன். வருது, ஆனா வந்தா என்ன செய்யிறதெண்டு தெரியும். மூச்சை மெதுவா விட்டு எண்ணுவன். விடியக் கிணத்தில நாலு வாளி தலையில ஊத்துவன். போனை அறைக்குள்ள கொண்டு போறேல்லை. வேலி ஓரம் கத்தரியும் பயித்தையும் போட்டிருக்கிறன். நீ அங்க ரெண்டு ஷிப்ட் அடிச்சு, வீட்ட வந்து பியரைக் குடிச்சுப்போட்டுப் படுக்கிறாய் எண்டு தெரியும், தங்கச்சி சொல்லேல்லை, உன்ர குரலிலயே தெரியும். பேசுறதுக்கு எழுதேல்லை. ஒரு ஷிப்டை விடு தம்பி. வீட்டுக்கு அனுப்புற காசைக் குறை, நெல்லு வித்ததில எங்களுக்குப் போதும். அங்க ஸ்காபரோவில தமிழ் கதைக்கிற டொக்டர்மார் இருக்கினம்தானே, போய் நித்திரை வாறேல்லை எண்டதை மட்டும் முதல் சொல்லு, மிச்சம் தானா வரும். சரியா ஏலாம வந்தா தங்கச்சி பாத்துச் சொன்னவள், இஞ்ச எங்களுக்கு 1926 எண்ட மனநல உதவி நம்பர் மாதிரி கனடாவில 988 எண்டு அடிக்கலாமாம், இரவு பகல் எந்த நேரமும் எடுப்பினமாம். அடிக்கிறதுக்கு வெக்கப்படாத, உன்ர அம்மா செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு போனவள்.

இந்த வருசம் வைகாசி 18 அண்டைக்கு முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போனன். கஞ்சி குடுத்தவை, சிரட்டையில. ஒவ்வொரு வருசமும் அந்த மணத்துக்கே எட்டத்தில போய் நிப்பன், அரிசியும் உப்பும் தண்ணியும்தான், வேற ஒண்டுமில்லை, ஆனா ஏலாது. இந்த முறை தங்கச்சி என்ர முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள், வாங்கிக் குடிச்சன். சுட்டது. உப்புக் கூட. அப்பாக்கு உப்புக் கூடினாத்தான் பிடிக்கும், உனக்கு ஞாபகம் இருக்கோ? அந்தச் சட்டி இன்னும் கிடக்குது தம்பி, நெளிஞ்ச பக்கம் அப்பிடியே, கோழிக்குத் தண்ணி வைக்கிறன்.

ஆடி அமாவாசைக்கு நானும் தங்கச்சியும் கீரிமலைக்குப் போறம். பிதிர்க்கடன் நீதான் செய்யவேணும், அது நீ வரேக்க பாப்பம். அண்டைக்கு நீ அங்க ஒரு நேரம் விரதம் பிடி, காத்தோட்டிக்காய் கிடைக்காட்டி பரவாயில்லை, இருக்கிறதைச் சமை.

இந்த ஞாயிறு உனக்குக் காலமை ஏழு மணிக்கு எடு, எனக்குப் பின்னேரம் நாலரை, வெயில் தாழ்ந்திருக்கும். என்னில கோவம் வந்தா கோவத்தையும் சொல்லு, நான் வைக்கமாட்டன், அழுதா அழு, ஷிப்டுக்கு நேரமாச்சு எண்டு மட்டும் சொல்லாத. கதைக்க வராட்டியும் எடு. எடுத்துப்போட்டுச் சும்மா லைனில இரு. நான் போனைக் கிணத்துக்கட்டில வைச்சிட்டுக் கோழிக்குத் தீன் போடுவன், நீ அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரு.

அம்மா
வட்டக்கச்சி