வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உள்நாட்டு விமான சேவைக்குப் பொறுப்பாக இருக்கும் மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். நான் கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறேன். இரத்மலானை விமான நிலையம் என் வீட்டிலிருந்து காலி வீதி வழியே ஆறேழு கிலோமீற்றர்தான். அங்கிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம், சிறிய விமானமென்றால் இன்னும் கால் மணித்தியாலம். இதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிய, யாழ்ப்பாணத்தில் என் பெரியம்மா காலமாகிவிட்டார். என்னைத் தூக்கி வளர்த்தவர். மறுநாள் சனி என்பதால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். இரவு பஸ்கள் எப்போதோ போய்விட்டன. விமானத்துக்கு விசாரித்தேன், அன்றைக்கு இல்லை என்றார்கள். வான் ஒன்றைப் பிடித்துப் புறப்படும்போது காலை எட்டரை. நீர்கொழும்பு தாண்டவே பத்தரையாகிவிட்டது. அப்புறம் புத்தளம், அநுராதபுரம், வவுனியா. ஆனையிறவில் போகும்போது போன் வந்தது. "எடுத்தாச்சு அண்ணா" என்றான் தம்பி.

அவன் சென்னையில் வேலை பார்க்கிறவன். அங்கிருந்து பலாலிக்கு விமானமேறி வந்து, வாய்க்கரிசியும் போட்டுவிட்டான். கடல் கடந்து, கடவுச்சீட்டில் முத்திரை குத்தி வந்தவனுக்குப் பெரியம்மாவின் முகம் கிடைத்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே இருந்த எனக்குக் கிடைக்கவில்லை.

பலாலியிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர், இரத்மலானை 330. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். தரைவழியாகக் கொழும்புக்கு வந்தால் 400 கிலோமீற்றர், எட்டு ஒன்பது மணித்தியாலம். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து 650 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய் இறங்கலாம். அப்படியிருக்க, யாழ்ப்பாணத்தை மட்டும் ஏன் இவ்வளவு தொலைவில் வைத்திருக்கிறீர்கள்?

தயவுசெய்து இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே காலையும் மாலையும் நிச்சயமான விமானம் ஓட ஏற்பாடு செய்யுங்கள். சேவை தொடங்குவார்கள், சில மாதத்தில் நின்றுவிடும், பிறகு இன்னொரு அறிவிப்பு வரும். இதை எத்தனை தரம் பார்த்துவிட்டோம்! 2006 ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு, அனுமதிக்கும் சோதனைக்கும் நாள்கணக்கில் காத்திருந்து இதே வழியில்தான் எங்கள் சனம் பறந்தது. யுத்தத்துக்குள் பறந்த வழியைச் சமாதானத்தில் நம்ப முடியாமல் இருப்பது எங்களுக்கு வலிக்கிறது. 1990இல் நின்ற ரயில் யாழ்ப்பாணத்தை மறுபடி தொட 2014 ஒக்ரோபர் வரை காத்திருந்தோம். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானபோது மனதார மகிழ்ந்தோம். வெளிநாட்டுக்குக் கதவு திறந்தீர்கள், நன்றி. தலைநகருக்கான கதவையும் திறந்தே வையுங்கள். டயலிசிஸுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் வருகிறவர்கள் இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து முதுகு ஒடிந்து வருகிறார்கள். அவர்களை வெள்ளவத்தையில் விடியக் காலையில் இறங்கும்போது ஒருநாள் வந்து பாருங்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: தினமும் காலை ஒன்று, மாலை ஒன்று, சொன்ன நேரத்தில் புறப்படும் விமானம். அதில் மரணத்துக்கும் மருத்துவத்துக்கும் போகிறவர்களுக்கு இரண்டு இருக்கையைக் கடைசி நேரம் வரை ஒதுக்கி வையுங்கள்.

பெரியம்மாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு மறுபடி போகிறேன். இந்த முறையும் இரவு பஸ்ஸில்தான் இடம் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைவாசி ஒருவர்